மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்: சாம்பலும் உவரும்

உரக்கடையில் ‘பொட்டாஷ்’ என்று கேட்டால் பெரும்பாலும் செம்மண் நிறத்தில் ஒரு உப்பைத் தருவார்கள். மூட்டையில் உள்ள முழுப்பெயர் ‘மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்’. சோடியம் குறைந்த உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் ‘பொட்டாசியம் குளோரைடு’ என்று இருக்கும். இரண்டும் ஒரே சேர்மம்தான்.

லத்தீனில் ‘மூரியா’ என்றால் உவர்நீர். குளோரின் ஒரு தனிமம் என்று 1810இல் ஹம்ப்ரி டேவி சொல்வதற்கு முன்பு குளோரைடுக்கு வந்த பெயர் மியூரியேட். வேதியியல் அதைக் கைவிட்டுவிட்டது. உர மூட்டை விடவில்லை. ‘பொட்டாஷ்’ என்பது பானைச் சாம்பல்: மரச்சாம்பலை நீரில் ஊறவைத்து, வடித்து, பானையில் சுண்டக் காய்ச்சி எடுத்த உப்பு. ஆனால் அது பொட்டாசியம் கார்பனேட், குளோரைடு அல்ல. அதனால் ‘சாம்பலுப்பு’ என்று தமிழாக்கினால் அழகாக இருக்கும், பொருள் தவறிவிடும். பொட்டாசியம் குளோரைடு என்றே எழுதலாம்.

சரி, உரம் எப்படி உணவாகிறது? சுரங்கத்திலிருந்து வரும்போது அதோடு சாதாரண உப்பும் களிமண்ணும் கலந்திருக்கும். சிவப்பு, இரும்பு ஆக்சைடால் வருவது. பிரிப்பதற்கு வெப்பமே போதும். 100 கிராம் நீரில் பொட்டாசியம் குளோரைடு 20 டிகிரியில் சுமார் 34 கிராம் கரையும். 100 டிகிரியில் 56 கிராம். சாதாரண உப்போ 36இலிருந்து 39க்குத்தான் போகும். எனவே சூடாகக் கரைத்து, கசடை வடிகட்டி, ஆறவிட்டால் பொட்டாசியம் குளோரைடு வெள்ளைப் படிகமாக இறங்கும். சாதாரண உப்பு பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடும். அந்த மிச்சத்துக்குத் தாய்க்கரைசல் என்று பெயர். எனக்கு மிகப் பிடித்த கலைச்சொல். தேவையான தூய்மை வரும்வரை திரும்பவும் கரைத்துப் படியவிடுவார்கள். அப்புறம் ஆய்வகச் சோதனையிலும் தேறினால்தான் உணவுத்தரம். உர மூட்டைக்கு அந்தச் சோதனை கிடையாது, அதைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

திரும்பக் கரைத்துப் படியவிடும் இந்தச் செயலை ‘மறுபடிகமாக்கல்’ என்று எழுதுகிறார்கள். வாசிக்கும்போது கண் ‘மறுபடி’யில் நின்று, ‘கமாக்கல்’ தனியே தொங்குகிறது. ‘மீள்படிகமாக்கல்’ என்றால் படிகம் உடையாமல் நிற்கும். நான் அதையே எழுதுகிறேன்.

தூய்மையான உப்பும் எல்லாருக்கும் ஏற்றதல்ல. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்புக்கு மாறக் கூடாது.