ஹீட்டர் வாங்கும் முன் கூரையைப் பாருங்கள்

எங்கள் தெருவில் போன வருடம் ஒரு வீடு கைமாறியது. வாங்கியவர் திருப்பூர்க்காரர். ஓய்வு பெற்றாயிற்று, இனி ஊட்டியிலேயே இருந்துவிடலாம் என்று வந்தவர். சித்திரையில் பால் காய்ச்சிக் குடியேறினார்கள். கார்த்திகையில் ஒருநாள் காலை மங்கி குல்லாவோடு வந்து கதவைத் தட்டினார். “சார், ராத்திரி பூரா ஹீட்டர் ஓடுது, ரூம் சூடாகவே மாட்டேங்குது. இன்னொண்ணு வாங்கவா, இல்ல சூடும் குளிரும் தர்ற ஏசியே போட்டுடவா?”

போய்ப் பார்த்தேன். ஹீட்டரில் குறை ஒன்றுமில்லை, 2000 வாட். தலைக்கு மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்த தகரக் கூரை. அதற்கும் அறைக்கும் நடுவே எதுவுமே இல்லை. தகரத்தின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அண்ணாந்து பார்த்தபோது ஒரு சொட்டு சட்டைக் காலருக்குள் இறங்கியது.

அந்தச் சொட்டிலேயே பாதி விஷயம் இருக்கிறது. மேகமில்லாத இரவில் தரை, புல், கூரை எல்லாமே தங்கள் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். மேகம் இருந்தால் அது கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். இல்லையென்றால் போனது போனதுதான். மெல்லிய தகரத்தில் சேமிப்புச் சூடு கிடையாது, அதனால் அது சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். நாம் மூச்சு விடும் ஈரம் அதன் அடியில் பட்டு நீராகிறது. வெளியே புல் மேல் இதே வேலை நடந்தால் அது நீர்ப்பனி, இன்னும் குளிர்ந்தால் உறைபனி. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் காலையில் மேட்டு வீட்டுக்காரர் தோட்டம் பச்சையாக இருப்பது அதனால்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும். தடுப்பில்லாத தகரக் கூரை வழியாக மட்டும் ஏறக்குறைய 1000 வாட் போய்விடும். வெளிப்பக்கச் சுவர் இரண்டு, ஒன்பது அங்குலச் செங்கல் என்றால் 500 வாட் சொச்சம். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் 170. கதவிடுக்கு, ஜன்னல் சந்து வழியாகப் போகும் காற்றையும் சேர்த்தால் 1800 வாட்டைத் தாண்டும். 2000 வாட் ஹீட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினால்தான் ஈடுகொடுக்கும். அதுவும் கரண்ட் சரியாக வந்தால். எரிகம்பி ஹீட்டரின் திறன் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். சாயந்திரம் ஊரே ஹீட்டர் போடும் நேரத்தில் 230 வோல்ட் 190-க்கு இறங்கினால், 2000 வாட் ஹீட்டர் தருவது சுமார் 1360 வாட்தான். நண்பரின் அறை ஏன் சூடாகவில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது அதே கூரைக்குக் கீழே பலகை அடித்து, மேலே இரண்டு அங்குலத்துக்கு கண்ணாடிக் கம்பளியோ, கல்லை உருக்கி இழையாக்கிய ராக்வூலோ பரப்புங்கள். 1000 வாட் இழப்பு 100 வாட் அளவுக்கு இறங்கிவிடும். தெர்மாகோலும் இதைச் செய்யும், ஆனால் தீப்பிடிக்கும் சாமான். ஒயர் ஓடும் கூரைக்கடியில் எனக்கு அது பிடிக்காது. இவை எல்லாவற்றிலும் வேலை செய்வது சிறைப்பட்ட காற்றுதான். அசையாமல் நிற்கும் காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. ஸ்வெட்டரில் நம்மைக் காப்பதும் கம்பளி இழைகளுக்கு நடுவே சிக்கிய காற்று.

இந்த மலையில் இதை வீடாகவே கட்டியவர்கள் தோடர் பழங்குடியினர். பாதி பீப்பாயைக் கவிழ்த்ததுபோல் மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து, மேலே கனமாகப் புல் வேய்ந்த வீடு. வாசல் தவழ்ந்து நுழையும் அளவுதான். புல்லுக்குள் காற்று சிறைப்படுகிறது, சின்ன வாசலில் சூடான காற்று அதிகம் வெளியேறுவதில்லை. உள்ளே ஒரு அடுப்பு போதும். இன்று பெரும்பாலானோர் வசிப்பது சிமெண்ட் வீட்டில். புல் வேய்ந்த அமைப்பை அவர்களுடைய கோயில்களில்தான் அதிகம் பார்க்க முடிகிறது.

சந்துகளைக் கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். காற்றடிக்கும் இரவில் ஃபேன், ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேராக ஏறினால் பரவாயில்லை. நண்பர் வீட்டில் கதவுக்கடியில் வைத்ததும் புகை படுத்துக்கொண்டு உள்ளே ஓடியது. ரப்பர் பட்டை ஒட்டினால் போதும், செலவு சில நூறு ரூபாய்.

இதற்கப்புறம்தான் இயந்திரம். கடையில் ஆயில் ஹீட்டர், ஹாலஜன், புளோயர் என்று வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வார்கள். வாட் ஒன்றானால் சூடும் ஒன்றுதான். ஒரு யூனிட் மின்சாரம் எதில் போனாலும் ஒரு யூனிட் வெப்பம். அந்தச் சூடு எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம். ஹாலஜன் எதிரே இருப்பவரை வெயில்போல் நேராகச் சுடும், அணைத்த கணமே குளிரும். பத்து நிமிடம் உடை மாற்றுவதற்கு அது சரி. புளோயர் காற்றைச் சூடாக்கும், அந்தக் காற்று கூரைக்கு ஏறிவிடும். ஆயில் ஹீட்டர் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், படுக்கையறைக்கு அதுவே தேவலை. எதுவானாலும் 2000 வாட் என்றால் 9 ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட இழுக்கும். 5 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகும். தினம் ஐந்து மணி நேரம் ஓட்டினால் 10 யூனிட், இரண்டு மாத பில்லில் 600 யூனிட்.

ஏசி விஷயத்தில் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. ஃப்ரிட்ஜின் பின்பக்கம் சுடுமே, உள்ளிருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. சூடும் தரும் ஏசி அதையே திருப்பிச் செய்கிறது. வெளியே 5 டிகிரி காற்றிலும் சூடு உண்டு. அதைவிடக் குளிர்ந்த நிலையில் கொதித்து ஆவியாகும் திரவம் குழாயில் ஓடினால் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கம்ப்ரஸர் அழுத்த, வெப்பநிலை ஏறி, அறைக்குள் வந்து விடுகிறது. சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வரை வெப்பம் கிடைக்கும். 600 யூனிட் 200 ஆகும் கணக்கு.

மலையில் இந்தக் கணக்கு கொஞ்சம் சறுக்கும். 2240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான், வெளி யூனிட்டின் விசிறிக்குக் கிடைக்கும் காற்றும் அந்த அளவே. ஈரக் குளிரில் வெளிக் குழாய் மேல் பனி படியும். அதை உருக்க இயந்திரம் சில நிமிடம் தலைகீழாக ஓடும். அப்போது உள்ளே சூடு வராது. ரிப்பேர் என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். எல்லா ஏசியும் சூடு தராது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பழைய பங்களாக்களில் இருக்கும் கணப்பு அடுப்பு, சீகை விறகோ கற்பூர மர விறகோ எரியும்போது அழகுதான். ஆனால் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாகப் போய்விடும். போகும் புகை அறைக் காற்றையும் இழுத்துச் செல்ல, அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாகக் குளிர் வரும். முன்புறம் வேகும், முதுகு நடுங்கும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரில் வேறு தொல்லை. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும், சுவர் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

கரிச்சட்டியை மட்டும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். கனலும் கரி கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கம் வருவதுபோல் இருக்கும், எழுந்திருக்க மாட்டார்கள். கொடைக்கானலிலும் இங்கேயும் சுற்றுலா வந்தவர்கள் இப்படி இறந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

காசில்லாத ஹீட்டர் ஒன்றும் உண்டு, தெற்கு ஜன்னல். மார்கழியில் உச்சி வெயிலே தெற்கே சாய்ந்து, சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும், அறைக்குள் நன்றாக விழும். வைகாசியில் அதே சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுவதால் அந்த ஜன்னலில் நேர்வெயில் படாது. நண்பர் அங்கேதான் தடித்த திரை போட்டு நாள் முழுக்க மூடி வைத்திருந்தார். பகலில் திறந்து, மாலை நாலரைக்கு மூடச் சொன்னேன்.

இரண்டாவது ஹீட்டர் வாங்கவில்லை. ஏசியை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். கூரைக்கடியில் பலகை அடிக்க ஆசாரி வந்தபோது, ஃபேன் மாட்ட ஒரு கொக்கியும் வைக்கச் சொன்னார். ஊட்டியில் கொக்கியே இல்லாத வீடுகள்தான் அதிகம். ஆசாரி சிரித்தார். 2024 ஏப்ரல் கடைசியில் இங்கே 29 டிகிரி அடித்தது எனக்கு நினைவிருந்ததால் நான் சிரிக்கவில்லை.