பாதி வேகம் கேட்டுப் பாருங்கள்

கணினி சொல்படி செதுக்கும் சிறிய சிஎன்சி மில்லில் ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் தண்டு) சொன்னபடி சுற்றவில்லை என்றால், சந்தேகம் முதலில் மோட்டார் மேல் விழும், அடுத்து மோட்டாரின் வேகத்தை மாற்றும் பெட்டியான விஎஃப்டி மேல். இரண்டுமே விலை கூடிய சாமான்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டை ஒட்டிய ஷெட்டில் இந்த எந்திரத்தை வைத்துத் தேக்கில் பூவேலை செதுக்குகிறவருக்கு அது பெரிய செலவு. ஆனால் பல நேரம் இரண்டும் நன்றாகவே இருக்கும். கோளாறு இருப்பது, வேகம் என்ற எண் மோட்டாரை அடையும் வழியில்.

அந்த வழியைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 24000 சுற்று வரை ஓடும் ஸ்பிண்டிலுக்கு 'எம்3 எஸ்12000' என்று கட்டளை தருகிறோம்; எம்3 என்றால் ஓடு, எஸ் என்றால் வேகம். அர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுக் கணினியில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள் அதைப் பாதி என்று கணக்கிட்டு, 11ஆம் பின்னில் 5 வோல்ட்டை நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை போட்டு அணைக்கிறது. பாதி நேரம் இருக்கும், பாதி நேரம் இருக்காது. இதுதான் பிடபிள்யூஎம். அடுத்து ஒரு சின்ன போர்டு. குழாயை விட்டு விட்டுத் திறந்தாலும் தொட்டியிலிருந்து தண்ணீர் சீராக வருகிற மாதிரி, அதிலுள்ள ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் அந்தத் துடிப்பைச் சமப்படுத்த, போர்டு அதைப் பெருக்கி, 0 முதல் 10 வோல்ட்டுக்குள் ஒரு நிலையான மின்னழுத்தமாகத் தருகிறது. இங்கே 5 வோல்ட். விஎஃப்டி அதைப் பார்த்து 400 ஹெர்ட்ஸில் பாதியான 200 ஹெர்ட்ஸை மோட்டாருக்கு அனுப்புகிறது. இரண்டு துருவ மோட்டார் ஹெர்ட்ஸுக்கு 60 சுற்று வீதம் நிமிடத்துக்கு 12000 சுற்றும்.

ஆக, பாதி கேட்டால் ஒவ்வொரு படியிலும் பாதி தெரிய வேண்டும். எந்த இடத்தில் பாதி காணாமல் போகிறதோ, அதற்குச் சற்று முன்னால்தான் கோளாறு. முழு வேகத்தில் சோதித்தால் இது பிடிபடாது. தவறான செட்டிங்கும் முழு வேகத்தைத்தானே தருகிறது!

சாதாரண மல்டிமீட்டரே போதும். டிசி வோல்ட்டில் வைத்து 11ஆம் பின்னையும் கிரவுண்டையும் தொட்டால், மீட்டர் துடிப்பைச் சராசரியாக்கி 2.5 காட்டும். அங்கேயே 5 இருந்தால் ஜிஆர்பிஎல்லில் அதிகபட்ச வேகத்தைச் சொல்லும் $30 செட்டிங்கைப் பாருங்கள். அதன் தொடக்க மதிப்பு 1000. அதை 24000 ஆக்காமல் விட்டால், ஆயிரத்துக்கு மேல் எதைக் கேட்டாலும் முழு வேகம்தான். எதுவுமே வரவில்லை என்றால் லேசர் மோடைத் தீர்மானிக்கும் $32 செட்டிங்கைப் பாருங்கள். அது 1 என்றிருந்தால், ஜி1 போன்ற வெட்டும் நகர்வு தொடங்கும்வரை எம்3 கொடுத்தும் ஸ்பிண்டில் அசையாது.

பின்னில் 2.5 சரியாக இருந்து போர்டின் வெளியீட்டில் 5 வரவில்லையா? அதிலுள்ள சின்னத் திருகை மெல்லத் திருப்பி 5க்குக் கொண்டு வரலாம். அதுவும் சரி, விஎஃப்டி திரையில் 200 இல்லை என்றால், விஎஃப்டியின் செட்டிங்குதான். ஹுவான்யாங் வகையில் பிடி001 ஓடச் சொல்வது யார் என்பதையும், பிடி002 வேகத்தைச் சொல்வது யார் என்பதையும் தீர்மானிக்கின்றன. இரண்டும் வெளி டெர்மினலுக்கு மாறியிருக்க வேண்டும். அளப்பதெல்லாம் இந்தக் குறைந்த வோல்ட் பக்கத்தில் மட்டும். விஎஃப்டி 230 வோல்ட் ஏசியைச் சீராக்கி உள்ளே சுமார் 325 வோல்ட் டிசியாகச் சேமித்திருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் அது கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். விஎஃப்டியின் விளக்கு அணைந்து சில நிமிடம் ஆகாமல் மூடியைத் திறக்கவே கூடாது.

நம் குமரி மாவட்டத்துக்கென்றே ஒரு கோளாறு உண்டு. குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்று. உப்பு போர்டில் படிந்து, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் ஊரில் அது அடிக்கடி நடக்கும். பித்தளை டெர்மினலில் பச்சைக் களிம்பு ஏறுவது இப்படித்தான். மோட்டார் வயரில் ஓடும் ஆம்பியர் கணக்கான மின்னோட்டம் அந்தப் படலத்தை ஓரளவு பிளந்துகொண்டு போய்விடும். வேகத்தைச் சொல்லும் வயரில் ஓடுவதோ மில்லிஆம்பியருக்கும் கீழே. அதற்கு அந்த வலு கிடையாது. அதனால்தான் காலையில் தடுமாறும் ஸ்பிண்டில் வெயில் ஏறியதும் தானே சரியாகிவிடுகிறது, நாமும் மறந்துவிடுகிறோம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுப் பிரஷ்ஷால் துடைத்து, வயர் நுனியை வெட்டிப் புதிதாக லக் (உலோக நுனி) அடித்து, போர்டு நன்றாகக் காய்ந்த பிறகு ஈரம் புகாமல் காக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் பூசுங்கள். கனெக்டருக்குள் மட்டும் பூச்சு போகக் கூடாது.

மோட்டார் நிற்கும்போது 5 வோல்ட் ஆடாமல் இருந்து, ஓடத் தொடங்கியதும் ஆடினால் அது களிம்பு இல்லை, மின் இரைச்சல். விஎஃப்டி மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டித்தான் அனுப்புகிறது. பக்கத்தில் போகிற வயரெல்லாம் அதை வாங்கிக்கொள்ளும். ஸ்பிண்டில் கிளம்பியதும் கணினியின் யுஎஸ்பி தொடர்பு அறுந்துபோவதும் பெரும்பாலும் இதனால்தான். மோட்டார் கேபிளையும் சிக்னல் வயரையும் ஒரே குழாயில் போடாமல் பிரியுங்கள். சிக்னலுக்கு உலோக உறை சுற்றிய ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். அப்புறம் மீண்டும் எஸ்12000 கொடுத்து, மோட்டார் ஓடும்போதே அந்த 5 வோல்ட்டைப் பாருங்கள்.