"அம்மா அன்டிபயோட்டிக் போட்டதே இல்லை, டொக்டர்"

போன மாதம் வெள்ளவத்தையைச் சேர்ந்த ஓர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வந்தார். வயது 78. சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. ஒன்பதாம் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். சிறுநீர், இரத்தம் இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்தது: கிளெப்சியெல்லா. எங்கள் ஆய்வுகூடத்தில், அந்தக் கிருமியை வளர்த்து அதன்மேல் மருந்து வில்லைகள் வைத்த தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மருந்துக்கு அடங்குகிற கிருமி என்றால் வில்லையைச் சுற்றி வெறுமையான ஒரு வட்டம் தெரியும். இங்கே, கடும் தொற்றுகளுக்குக் கொடுக்கும் மெரோபெனம் என்ற அன்டிபயோட்டிக் வில்லையின் விளிம்பு வரைக்கும் கிருமி வளர்ந்திருந்தது.

மகனிடம் விளக்கச் சொல்லி வாட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அம்மா வாழ்க்கையிலேயே அன்டிபயோட்டிக் போட்டதில்லை டொக்டர். தடிமன் வந்தாலும் கொத்தமல்லி அவிச்சுத்தான் குடிப்பா. பிறகெப்படி அவவின்ட உடம்புக்கு மருந்து பழகிப்போகும்?"

அந்த மாதத்தில் இதே கேள்வி என் காதில் விழுந்தது மூன்றாவது தடவை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இத்தனை வருடமாக இந்த ஒரு விஷயத்தை நாங்கள் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்றுதான் ஆற்றாமை.

தயவுசெய்து இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: அன்டிபயோட்டிக்குக்குப் பழகுவது உங்கள் உடம்பு அல்ல. நித்திரைக் குளிசை போட்டுப் போட்டு உடம்புக்குப் பழகிப்போகும், உண்மை. அந்தக் குளிசை வேலை செய்வது உங்கள் மூளையில். அன்டிபயோட்டிக் குறிவைப்பது கிருமியை. மருந்தைத் தாங்கிக்கொள்ளும் வழி கிருமியிடம்தான் இருக்கிறது. அந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். அதனால்தான் ஒரு குளிசையும் தொடாத பாட்டிக்கும் இது வரும். பிறந்து நான்கு நாளான, எந்த மருந்தும் ஏறாத குறைமாதக் குழந்தைக்கும் வரும். "நான் அளவோடுதான் மருந்து எடுக்கிறேன், எனக்கு வராது" என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

இதே தவறின் இன்னொரு வடிவம் "பவர் கூடின மருந்து". பின்னேர கிளினிக்கில் தினமும் கேட்கிறேன்: "அமொக்சிலின் எனக்குக் கேட்காது டொக்டர், பவர் கூடினதாத் தாங்கோ." அன்டிபயோட்டிக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிகள் அல்ல. எந்தக் கிருமிக்கு எது பொருந்தும் என்பதே கணக்கு. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிக்கு இன்றும் பழைய பென்சிலினே போதும். விலை கூடிய மெரோபெனம், மெதிசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமியிடம் பலிக்காது. தொண்டை நோவுகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, அவற்றுக்கு இரண்டும் வேண்டாம்.

சரி, அந்த அம்மாவுக்குக் கிருமி எப்படி வந்தது? எந்தக் கையிலிருந்து என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் வாட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நான்கு கட்டில்கள், நான்கு பேருக்கும் சிறுநீர்க் குழாய், நான்கு பைகள். காலையில் ஒரே ஜாடியோடு, ஒரே சோடி கையுறையோடு நான்கு பைகளும் வரிசையாகக் காலி செய்யப்பட்டன. முதல் கட்டிலில் இருந்தவர் வேறொரு வைத்தியசாலையின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று வாரம் கிடந்துவிட்டு வந்தவர்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. அது போட்டிருப்பவரின் கையைக் காக்கிறது. அடுத்த கட்டிலில் கிடப்பவரைக் காக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நோயாளிக்கும் அதைக் கழற்றி எறிந்து, கையில் அல்ககோல் திரவம் பூசி, புதிதாகப் போட வேண்டும். கழற்றாத கையுறை அழுக்குக் கையைப் போலத்தான். 1847-இல் வியன்னாவின் பிரசவ வாட்டில் செமல்வைஸ் என்ற வைத்தியர் கைகழுவச் சொன்னார், பிரசவித்த தாய்மாரின் சாவு சட்டென்று குறைந்தது. கிருமி என்ற ஒன்றையே அப்போது யாரும் சரியாக அறிந்திருக்கவில்லை. எல்லாம் தெரிந்த நாங்கள் இன்னும் ஜாடியோடு நிற்கிறோம்.

இதற்குள் இன்னொரு பரவலும் நடக்கிறது, எனக்கு அதுதான் கூடுதல் பயம். கிருமி ஆளுக்கு ஆள் தாவுவது போல, மருந்தைத் தாங்கும் திறன் கிருமிக்குக் கிருமி தாவும். பக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன வளையம் இருக்கிறது. மருந்தை முறியடிக்கும் குறிப்பு அதில் எழுதப்பட்டிருக்கும். அயல்வீட்டுக்காரிக்குக் கறிப் பக்குவத்தை எழுதிக் கொடுப்பது போல, ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கு அதில் ஒரு பிரதி கொடுக்கும், தன்னுடையதும் குறையாது. வாங்குகிற கிருமி அதே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1950-களில் ஜப்பானில் வயிற்றுளைச்சல் நோயாளிகளிடம் நான்கு மருந்துகளுக்கு ஒரேயடியாக அடங்காத ஷிகெல்லா என்ற கிருமி கிடைத்தது. அதே ஆட்களின் குடலில் இருந்த சாதாரண ஈ.கோலையும் அதே நான்குக்கும் அடங்கவில்லை. ஒன்று மற்றதற்குக் கொடுத்திருக்கிறது என்று அந்த நாட்டு ஆய்வாளர்கள் 1959-இல் காட்டினார்கள். 2008-இல் சுவீடனில், அதற்கு முன் டெல்லியில் சிகிச்சை பெற்ற ஒருவரிடம் மெரோபெனத்தை உடைக்கும் என்.டி.எம்.-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற நொதி கண்டுபிடிக்கப்பட்டது. அவருடைய கிளெப்சியெல்லாவிலும் அது இருந்தது, ஈ.கோலையிலும் இருந்தது. பெயர் டெல்லிமேல் விழுந்துவிட்டது, பாவம். அந்த நொதியைச் செய்யும் குறிப்பு இன்று நம் நாடு உட்படப் பல நாடுகளில் சுற்றுகிறது.

ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான குறிப்புகள் சேர்ந்தே இருக்கும். அதனால் தேவையில்லாமல் கொடுத்த ஒரு மருந்து, சம்பந்தமில்லாத நான்கு மருந்துகளைச் செயலிழக்க வைக்கலாம். வாய்ப்பான சூழலில் ஈ.கோலை இருபது நிமிடத்தில் இரண்டாகும். மருந்துக்கு அடங்கிய கிருமிகள் எல்லாம் செத்துப்போன குடலில் அடங்காதது மட்டும் மிஞ்சினால், அதற்கு இடம் தாராளம்.

என் சக வைத்தியர்களே, உங்களிடமும் கேட்கிறேன். சுத்தமான சத்திரசிகிச்சைக்கு, கீறுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கும் ஒரு டோஸ் பெரும்பாலும் போதும். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஐந்து நாள் இழுப்பதை நிறுத்துங்கள். அன்டிபயோட்டிக் தொடங்குமுன் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, இரத்தம் எடுங்கள். மருந்து ஏறிய பிறகு அனுப்பும் போத்தலில் நான் எதைக் கண்டுபிடிப்பது? அறிக்கை வந்ததும் மருந்தை அந்தக் கிருமிக்குப் பொருந்துவதாக மட்டும் சுருக்குங்கள்.

நோயாளியின் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியவை எளிமையானவை. பார்க்க வந்தால் கட்டிலில் உட்காராதீர்கள். உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கையில் அல்ககோல் திரவம் பூசுங்கள், இருபது முப்பது விநாடி போதும். பக்கத்துக் கட்டில் ஆச்சிக்குத் தண்ணீர் கொடுப்பது நல்ல மனசுதான், அங்கிருந்து திரும்பும்போதும் பூசுங்கள். கைகழுவும் தொட்டியில் சாப்பாட்டு மிச்சத்தையோ சிறுநீரையோ ஊற்றாதீர்கள், அந்த வடிகுழாயில் இந்தக் கிருமிகள் குடியிருக்கும். தினமும் தயங்காமல் ஒன்று கேளுங்கள்: "இந்தச் சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா?" ஒவ்வொரு நாள் கூடும்போதும் தொற்றும் வாய்ப்புக் கூடுகிறது. தொட வருகிற எவரிடமும், என்னிடமும்கூட, "கை கழுவினீங்களா?" என்று கேட்கலாம். எனக்கு அது மரியாதைக் குறைவு இல்லை.

மருந்துத் துண்டு இல்லாமல் பாமசியில் அன்டிபயோட்டிக் விற்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். ஆறு குளிசை வாங்கி, சுகம் தெரிந்ததும் மிச்சத்தை அலுமாரியில் வைத்து, அடுத்த காய்ச்சலுக்குப் பிள்ளைக்குக் கொடுக்கிற பழக்கத்தை விடுங்கள். கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவை நினையுங்கள். அதற்கு அன்டிபயோட்டிக் எதுவும் செய்யாது. இரத்தம் சோதிக்க வேண்டிய நாட்கள்தான் வீணாகும்.

அந்த அம்மாவுக்குக் கொலிஸ்டின் கொடுத்தோம். 1950-களில் வந்த மருந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பிறகு ஒதுக்கி வைத்தது. இப்போது வேறு வழியில்லாமல் தூசு தட்டி எடுக்கிறோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் அளவைத் தினமும் பார்த்துப் பார்த்துப் பதினான்கு நாள் கொடுத்து, பிழைத்து வீட்டுக்குப் போனார். டயக்னோசிஸ் காட்டில் கிருமியின் பெயரை எழுதச் சொன்னேன். எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், கேட்காவிட்டாலும், முதலில் அதைக் காட்டச் சொல்லி மகனிடம் இரண்டு தடவை சொன்னேன். காய்ச்சல் போனாலும் கிருமி குடலில் மாதக் கணக்கில் தங்கியிருக்கலாம்.

மூன்று நாள் கழித்து அவர் போன் எடுத்தார். "டொக்டர், அம்மா பேரனைத் தூக்கலாமா? தட்டுக் கோப்பையைப் புறம்பா வைக்கச் சொல்றாங்க."

தூக்கலாம் தம்பி. தட்டு, கோப்பை ஒன்றையும் பிரிக்க வேண்டாம். மலசலகூடம் போய்வந்தால் அம்மா சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும், அவவைக் கழுவித் துடைப்பவரும் கழுவட்டும். பேரனை மடியில் வைத்துக்கொள்ளட்டும்.