செமி-ஹைட்ரோவுக்கு மாற்றும் முன் வேரைப் பாருங்கள்

பினாங்கில் ஆர்கிட் நர்சரி வைத்திருக்கிறேன். அடுக்குமாடி வீடுகளிலிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஸ்லிப்பர் ஆர்கிட்டுகளில் (பூவில் செருப்பு முனை போன்ற பை உள்ள பாஃபியோபெடிலம் வகை) இப்போதெல்லாம் ஒரே கதைதான். தொட்டி புதிது, லேக்கா எனும் சுட்ட களிமண் உருண்டைகள் சுத்தம், அடியில் தண்ணீரும் இருக்கும். செடியைத் தொட்டால் வேரே இல்லாமல் கையோடு வந்துவிடும். "தண்ணீர் காயவே விடலையே அண்ணே" என்று வருத்தத்தோடு சொல்வார்கள். பெரும்பாலும் தண்ணீர் ஊற்றியதில் குறை இருக்காது, செடியை மாற்றிய நேரத்தில்தான் இருக்கும்.

மரப்பட்டைக்குப் பதில் லேக்காவில், அடியில் கொஞ்சம் நீரைத் தேக்கி வளர்ப்பதுதான் செமி-ஹைட்ரோ. முறை எளிதுதான். அடியில் ஓட்டை இல்லாத தொட்டி, அடியிலிருந்து சுமார் 2.5 சென்டிமீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் ஓரிரு துளைகள், உள்ளே லேக்கா. துளைக்குக் கீழே தேங்கும் நீரை உருண்டைகள் மெல்ல மேலே இழுக்கும். இடைவெளிகளில் காற்று நிற்கும். டெண்ட்ரோபியம் ஆர்கிட் மாதிரி நீரைச் சேமித்து வைக்கும் தண்டு ஸ்லிப்பர் ஆர்கிட்டுக்குக் கிடையாது. அதனால் வேர் ஒரேயடியாகக் காய்ந்தாலும் வாடும், காற்றில்லாமல் மூழ்கிக் கிடந்தாலும் அழுகும். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இந்த முறை அதற்கு நன்றாகவே ஒத்துப்போகும்.

சிக்கல் பழைய வேரில் இருக்கிறது. மரப்பட்டையில் வளர்ந்த வேர் அந்தப் பட்டையின் ஈரத்துக்கு ஏற்ப உருவானது. உருவான பிறகு அது தன்னை மாற்றிக்கொள்வதில்லை. எந்நேரமும் ஈரமாக இருக்கும் லேக்காவுக்குள் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுத் திணறிச் சாகும். லேக்காவிலேயே முளைத்து வளரும் புது வேர்தான் செடியைக் காப்பாற்றும். ஆகவே வாங்கி வந்த அன்றே மாற்றாதீர்கள். பூவோடு இருக்கும்போதும் வேண்டாம். பூ முடிந்து, பக்கத்தில் புதுக் கன்று கிளம்பி, அதன் அடியில் வேர்முனை தெரியும் வரை பொறுத்திருங்கள். மாதக்கணக்கில் ஆனாலும் சரி.

பழுப்பு வேரைக் கண்டதும் கத்தரிக்கோலை எடுப்பவர்களும் உண்டு. சீனப் பெருநாளுக்கு வாங்கும் ஃபலனோப்சிஸ் ஆர்கிட்டின் நல்ல வேர் வெள்ளையும் பச்சையுமாக இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பழுப்பு நிறத்தில் மேலெல்லாம் பூனைமுடி போல ரோமம் படர்ந்த ஸ்லிப்பர் ஆர்கிட் வேர் செத்தது மாதிரித்தான் தெரியும். அதுதான் அதன் இயல்பு. நிறத்தை விட்டுவிட்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிருள்ள வேர். நசுங்கி, தோல் கழன்று உள்ளே நார் மட்டும் நின்றால் வெட்டலாம். இந்தச் செடிக்கு வேர்களே குறைவு, ஒன்றை இழந்தாலும் ஈடுகட்ட நாளாகும்.

லேக்காவைப் பலமுறை அலசி ஒரு நாள் முழுக்க ஊறவையுங்கள். காய்ந்த உருண்டை வேரிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். 4 முதல் 8 மில்லிமீட்டர் வரையான சிறிய அளவு நல்லது, பெரியதில் நீர் மேல்வரை ஏறாது. செடியின் அடிப்பாகம் உருண்டைகளின் மேல்மட்டத்தை ஒட்டி உட்கார வேண்டும். தூக்கி வைத்தால் புது வேர் ஈரத்தைத் தொடுமுன் காயும், ஆழப் புதைத்தால் குருத்து அழுகும்.

உரம், டப்பாவில் போட்டிருப்பதில் கால் பங்கு போதும். ஸ்லிப்பர் ஆர்கிட்டின் வேருக்கு உப்பு ஆகாது. உருண்டைகளின் மேல் வெள்ளையாகப் படிந்தால் அது உப்பு. ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழை குறையும்போது நீர் வேகமாக ஆவியாகி இந்தப் படிவு கூடும். தொட்டியின் விளிம்பு வரை நல்ல தண்ணீர் ஊற்றி, துளை வழியே வடியவிட்டு, மீண்டும் ஊற்றுங்கள்.

அப்புறம் கொசு. இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் செமி-ஹைட்ரோ கற்றுக்கொடுப்பதில்லை. நம் வெயிலில் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். துளை வழியாகவும் அது தொட்டிக்குள் நுழையலாம். அதைவிட ஆபத்து, அழகுக்காக வைக்கும் வெளித்தொட்டியும் அடித்தட்டும். வடிந்த நீர் அங்கே தேங்கி நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. மலேசியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தாலே அபராதம் விதிக்கலாம். அபராதத்தை விடுங்கள், டிங்கிக் காய்ச்சல் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் தாக்கும். அடித்தட்டை எடுத்துவிடுங்கள். துளைகளில் மெல்லிய நைலான் வலையை ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை, நாள் தவறாமல், தேங்கிய நீர் முழுவதையும் தொட்டியைச் சாய்த்துக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். உப்பும் போகும், புழுவும் போகும். வெளித்தொட்டி வைத்தே ஆக வேண்டுமென்றால் அதன் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மழைச் சாரல் குருத்தில் தேங்கி அழுகினால் அதற்கு லேக்கா பொறுப்பில்லை. செடியை உள்ளே தள்ளி வைத்து, சின்னதாக ஒரு காற்றாடி போடுங்கள்.

எந்தச் செடி வாங்கலாம்? நம் ராத்திரிப் புழுக்கத்தைத் தாங்குபவை பெரும்பாலும் இலையில் புள்ளியும் திட்டும் உள்ள வகைகள். அவற்றில் ஒன்றான பாஃபியோபெடிலம் பார்பாட்டம் நம் பினாங்கு மலையிலேயே வளர்வது. லங்காவியின் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் வெள்ளைப்பூ பாஃபியோபெடிலம் நிவியமும் தாங்கும். குளிர் கேட்கும் பெரிய பூக் கலப்பினங்கள் இங்கே சமவெளியில் இலை விடும், பூக்கத் தயங்கும்.

காட்டிலிருந்து பிடுங்கியதை மட்டும் தொடாதீர்கள். பாஃபியோபெடிலம் இனங்கள் அனைத்தும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளவை. காட்டுச் செடிகளின் அனைத்துலக வணிகத்துக்கு அங்கே இடமில்லை. தொட்டியில்லாமல் கட்டாக விற்பது, பூச்சி கடித்த பழைய இலைகள், வேரில் ஒட்டிய பாசியும் இலைமக்கும் என்று அடையாளங்கள் உண்டு. பிடுங்கும்போதே வேர் அறுந்துபோன அந்தச் செடிக்கு லேக்காவில் புது வேர் விடத் தெம்பும் இருக்காது. விதையிலிருந்து வளர்த்ததா என்று கேளுங்கள். தானே வளர்த்த நர்சரிக்காரர் என்றால், நாற்றை எந்த வருடம் விதை முளைக்கவைத்த கண்ணாடிக் குடுவையிலிருந்து எடுத்தார் என்பது வரை சொல்வார்.