பல்லை மூடும் ஈறு

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட தம்பிக்கு ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறுகிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். "எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மாத்திரைதானே சாப்பிடுகிறான்? அடக்கினால் ஏன் வளர்கிறது?" என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான்.

மாத்திரையின் பெயர் சைக்ளோஸ்போரின். 1969இல் நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியில் எடுத்த ஒரு பிடி மண்ணிலிருந்த பூஞ்சைதான் அதன் பிறப்பிடம். பூஞ்சைக்கொல்லி தேடிய சாண்டோஸ் நிறுவனத்தினருக்கு அந்த வேலைக்கு அது பெரிதாக உதவவில்லை. ஆனால் எதிர்ப்புச் செல்களை அடக்கும் குணம் 1972இல் தெரிய வந்தது. "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்டுவிட்டு ஆய்வுக்குப் பணம் தர மறுப்பவர்களுக்கு இந்த மண் கதையைத்தான் நான் சொல்வது வழக்கம். 1983இல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஈறு வளர்வதைப் பற்றிய முதல் கட்டுரையும் அதே ஆண்டில்தான் வந்தது.

மருந்தின் வேலை எளிது. அந்நிய உறுப்பைத் தாக்கும் எதிர்ப்புச் செல்லான டி செல் விழித்தெழ, கால்சிநியூரின் என்ற நொதி என்ஃபாட் என்ற புரதத்தை உட்கருவுக்குள் அனுப்ப வேண்டும். சைக்ளோஸ்போரின் செல்லுக்குள் இருக்கும் சைக்ளோஃபிலின் என்ற புரதத்தோடு சேர்ந்துகொண்டு அந்த நொதியை முடக்குகிறது. டி செல்லைப் பெருகத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தின் உற்பத்தி படுத்துவிடுகிறது, டி செல் பெருகுவதில்லை, புதுச் சிறுநீரகம் பிழைக்கிறது.

சரி, அப்படியானால் வளர்ந்த ஈற்றை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் எதிர்ப்புச் செல்களே இருக்கக் கூடாதல்லவா? இருக்கின்றன. பிளாஸ்மா செல்கள், லிம்போசைட்டுகள், மேக்ரோபேஜ்கள் எல்லாம் ஈற்றுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத நார்களுக்கு நடுவே குவிந்திருக்கின்றன. பல்லில் படியும் கிருமிப் படலம் ஓயாமல் அவற்றைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. பல் இல்லாத இடத்தில் இந்த வளர்ச்சி அரிதாகவே வருவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

இதில் கவனிக்க வேண்டியது மேக்ரோபேஜை. அதற்கு இரண்டு முகம். சண்டை நேரத்தில் கிருமியை விழுங்கும். சண்டை ஓய்ந்ததும் கொத்தனாரைக் கூப்பிடும் மேஸ்திரியாக மாறிவிடும். கூப்பிடுவதற்கு அது பயன்படுத்தும் முக்கியமான சொல் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம். இதைக் கேட்டதும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற கொத்தனார் செல்கள் கொலாஜன் நூற்கத் தொடங்கும், பழைய கொலாஜனை வெட்டும் நொதிகளையும் குறைத்துக்கொள்ளும். சைக்ளோஸ்போரினால் வளர்ந்த ஈறுகளில் இந்தச் சொல் வழக்கத்தைவிட உரக்க ஒலிக்கிறது.

ஆனால் என்னை மயக்குவது இதற்கு அடுத்த படி. ஃபைப்ரோபிளாஸ்ட் கொலாஜனைக் கட்டுவது எல்லோருக்கும் தெரியும். அதே செல் கொலாஜனைத் தின்னவும் செய்யும் என்பது அவ்வளவாகத் தெரியாது. தன் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்ற கொக்கியால் பழைய நாரைப் பிடிக்கும், உள்ளே இழுக்கும், லைசோசோம் என்ற செரிமானப் பையில் போட்டுக் கரைக்கும். ஈற்றில் கொலாஜன் தோலைவிட வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால், கட்டுவதும் தின்பதும் அங்கே நாள்தோறும் சமமாக நடந்தாக வேண்டும். ஆய்வகத்தில் சைக்ளோஸ்போரின் பட்ட ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் சரியாகத் தின்பதில்லை. நாரைப் பிடித்து விழுங்க செல்லுக்குள் கால்சியம் அசைய வேண்டும். மருந்து அதைக் கெடுக்கிறது. ஆக, இங்கே கட்டுமானம் மட்டும் கூடவில்லை, இடிக்கும் ஆளும் படுத்துவிட்டான். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபைன் ஆகியவையும் ஈற்றை இப்படியே வளர்க்கின்றன. ஃபெனிட்டாயின் செய்வது 1939இலேயே பதிவாகிவிட்டது. ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத மூன்று மருந்துகள்தான், ஆனால் மூன்றுமே செல்லின் கால்சியம் நடமாட்டத்தில் கை வைப்பவை.

இதற்குள் ஒரு புதிர் உண்டு. மாற்று உறுப்பு பெற்றவர்களுக்குத் தரும் இன்னொரு மருந்தான டேக்ரோலிமஸும் கால்சிநியூரினைத்தான் முடக்குகிறது, ஆனால் அதைச் சாப்பிடுபவர்களுக்கு ஈறு வளர்வது மிகக் குறைவு. எனவே பழியைக் கால்சிநியூரின் மேல் மட்டும் போட முடியாது. டேக்ரோலிமஸ் செல்லுக்குள் கைகோப்பது சைக்ளோஃபிலினோடு அல்ல, வேறொரு புரதத்தோடு. வித்தியாசம் அந்தப் பக்கம் இருக்கலாம் என்பது என் ஊகம்.

சைக்ளோஸ்போரின் சாப்பிடும் எல்லோருக்கும் இது வருவதில்லை. பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வருகிறது, சிறுவர்களுக்கு இன்னும் கூடுதலாக வருகிறது. பெரும்பாலும் முன்பற்களுக்கு இடையிலுள்ள முக்கோண ஈற்றில்தான் தொடங்கும். "உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மாத்திரையை நிறுத்திவிடு" என்று வாட்ஸ்அப் வைத்தியர் யாராவது சொன்னால், அவர் பறிக்கப் பார்ப்பது ஒரு சிறுநீரகத்தை. மருத்துவரே யோசித்து டேக்ரோலிமஸுக்கு மாற்றலாம். பல்லைச் சுத்தமாக வைத்திருப்பது எப்போதுமே உதவும். மிஞ்சிய சதையை வெட்டி எடுக்கலாம், ஆனால் அதே மருந்து தொடர்ந்தால் திரும்ப வளரக்கூடும்.

அப்புறம், வாசகியின் தம்பி தன் மருத்துவரிடம் அஸித்ரோமைசின் பற்றிக் கேட்கலாம். அது கிருமிக்கொல்லிதான், ஆனால் சிலருக்கு ஒரு குறுகிய சுற்றிலேயே ஈறு சுருங்குகிறது. ஆய்வகத்தில் அது செய்து காட்டிய வேலை வேறு: சைக்ளோஸ்போரினால் வாயை மூடிக்கொண்ட ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் அதன் பிறகு மறுபடி கொலாஜனைத் தின்னத் தொடங்கின.