மூத்திரத்தில் மூக்கைத் தேய்த்தால் நாய்க்குட்டி எதையும் கற்றுக்கொள்ளாது

சென்ற வாரம் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு குடும்பம் இரண்டரை மாதக் குட்டி ஒன்றைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தது. கண் இரண்டும் சிவந்து நீர் வழிகிறது, மூக்கு நுனியில் தோல் உரிந்திருக்கிறது. ஏதோ அலர்ஜி என்று நினைத்திருக்கிறார்கள். கேட்கக் கேட்கத்தான் கதை வெளியே வந்தது. குட்டி ஹாலில் மூத்திரம் போகும். வீட்டுப் பெரியவர் பிடரியைப் பிடித்து அதே இடத்தில் மூக்கை வைத்துத் தேய்ப்பார். அப்புறம் வீட்டம்மா அங்கே பிளீச்சைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றித் துடைப்பார். மறுநாளும் அதே இடம், அதே தேய்ப்பு. "இதுக்கு நல்லாத் தெரியும் டாக்டர், வேணும்னேதான் பண்ணுது. மூஞ்சியப் பாருங்க, திருட்டு முழி" என்றார் பெரியவர்.

இப்படி வரும் எத்தனையாவது குட்டி இது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். தீபாவளிக்கும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் குட்டி வாங்கிக் கொடுக்கும் வீடுகளிலிருந்து சில வாரங்கள் கழித்து வரிசையாக வருகின்றன.

முதலில் அந்தத் திருட்டு முழியைப் பேசிவிடுவோம். காதைப் பின்னால் மடக்கி, தலையைத் தாழ்த்தி, வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பது பயம். குற்ற உணர்ச்சி இல்லை. அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். சாப்பிடக் கூடாது என்று சொல்லி வைத்த பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பே இல்லை. திட்டு வாங்கிய நாய் அந்த முகம் காட்டியது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய் இன்னும் அதிகமாகக் காட்டியது. ஆக, உங்கள் குரலைப் பார்த்துத்தான் அது முழிக்கிறது. தரையில் கிடக்கும் மூத்திரத்தை நினைத்து அல்ல.

நாய்க்கு ஒரு செயலும் அதன் பலனும் ஓரிரு நொடிக்குள் சேர்ந்து வந்தால்தான் ஒட்டும். நீங்கள் வேலை முடிந்து வந்து, மதியம் போன மூத்திரத்தைக் காட்டி அடித்தால், அது என்ன புரிந்துகொள்ளும்? இந்த மனிதரும் தரையில் மூத்திரமும் ஒரே அறையில் இருந்தால் எனக்கு அடி விழும். அவ்வளவுதான். "ஹாலில் போகக் கூடாது, போர்ச்சில் போக வேண்டும்" என்ற பாடம் அதில் எங்கே இருக்கிறது? அடுத்த நாள் முதல் அது சோபாவுக்குப் பின்னால், சாமி மேடைக்கு அடியில், துணிக்கூடைக்குப் பக்கத்தில் என்று ஒளிந்து போகும். நீங்கள் புல்வெளிக்கு அழைத்துச் சென்று காத்திருந்தாலும் உங்கள் கண் முன்னால் போகவே போகாது. அடக்கிவைத்து, வீட்டுக்குள் வந்ததும் மறைவான இடம் தேடும். "வெளியே அரை மணி நேரம் நின்றேன், உள்ளே வந்ததும் போகிறது, எவ்வளவு கொழுப்பு பாருங்கள்" என்று என்னிடம் புகார் சொல்பவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பு அடித்தவர்கள். உங்கள் முன்னால் போவது ஆபத்து என்று நீங்களேதான் கற்றுக்கொடுத்தீர்கள். (அடிப்பவர்களுக்கு ஒரு தகவல்: மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, கொடுமைப்படுத்தினால் குறைந்தபட்ச அபராதமே 20,000 ரிங்கிட்.)

இரண்டாவது எரிச்சல், பிளீச். மூத்திரம் காய்ந்து கிடக்கும்போது அதில் அம்மோனியா உருவாகிறது. அதன் மேல் பிளீச் ஊற்றினால் குளோரமின் என்ற ஆவி கிளம்பும். உங்களுக்கே கண் எரிகிறது என்றால், தரையிலிருந்து ஓரங்குல உயரத்தில் மூக்கை வைத்து நடக்கும் குட்டியின் நிலை என்ன? கிளினிக்கில் நாங்களும் பிளீச் வைத்திருக்கிறோம். அது குட்டிகளின் உயிரைக் குடிக்கும் பார்வோ வைரஸைக் கொல்ல, அதுவும் நன்றாகத் தண்ணீர் கலந்து, ஏற்கெனவே கழுவிய தரையில். நாற்றத்துக்கு அல்ல. அம்மோனியா கலந்த கிளீனர் அதைவிட மோசம். அந்த வாசனை நாய்க்கு மூத்திர வாசனையாகவே படும். செராய் (எலுமிச்சைப் புல்) வாசனைத் தரைத் திரவமும், சாயங்காலச் சாம்பிராணியும் உங்கள் மூக்கைத்தான் ஏமாற்றும். அடியில் இருக்கும் பழைய வாசனை நாயின் மூக்குக்கு அப்படியே தெரியும், "இதுதான் என் இடம்" என்று திரும்ப வரும்.

அப்புறம் பாச்சை உருண்டை. நாய் அங்கே மூத்திரம் போகாமலிருக்க மூலைக்கு மூலை போட்டு வைக்கிறார்கள். தயவுசெய்து இன்றே பொறுக்கி எடுங்கள். நாப்தலீன் சிவப்பணுக்களை உடைக்கும், கல்லீரலைக் கெடுக்கும். சிறு குட்டிக்கு ஓர் உருண்டையே போதும். மிளகாய்த் தூள் தூவுபவர்களுக்கும் இதே வேண்டுகோள். நாய் அண்டாது என்று கேட்டோரம் வண்ணத் தண்ணீர்ப் புட்டி வைப்பவர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, பலனும் இல்லை.

நாற்றம் போக, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனர் வாங்குங்கள். ஈரத்தைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள். தண்ணீரால் ஒரு முறை துடைத்துவிட்டு, கிளீனரைத் தாராளமாக ஊற்றி, லேபிளில் சொன்ன நேரம் ஈரமாகவே விடுங்கள். பெரும்பாலானவர்கள் தெளித்த கையோடு துடைத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள். என்சைம் மூத்திரத்தை உடைக்க அவகாசம் வேண்டாமா? கூடவே பிளீச்சோ கிருமிநாசினியோ ஊற்றினால் என்சைம் செத்துவிடும், காசு வீண். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் டைல் இடுக்கில் இருக்கும் சிமெண்டுதான் மூத்திரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மேலே பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மெத்தை, சோபா என்றால் மூத்திரம் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் கிளீனரும் போக வேண்டும். மாலை மழை பெய்து காற்று ஈரமானதும் பழைய நாற்றம் எழும்பினால், எங்கோ ஓர் இடத்தை விட்டுவிட்டீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், கறை ஒளிரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் நம் ஊரில் உண்டு, நாய் மூத்திரத்திலும் அந்தக் கிருமி வரலாம்.

பழக்குவது கடினம் இல்லை, ஆனால் நேரம் பார்க்க ஆள் வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சற்று நேரத்தில், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன்னும் அதே இடத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். போய் முடித்த அந்த நொடியில் ஒரு துண்டுக் கோழி, ஒரு "வெரி குட்". வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு. இரண்டு மாதக் குட்டியால் சுமார் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. நீங்கள் இருவரும் வேலைக்குப் போய், நெரிசலில் மாட்டி, பத்து மணி நேரம் கழித்து வந்தால் தரை நனைந்துதான் இருக்கும். அது குட்டியின் தப்பு இல்லை. பகலில் எட்டிப் பார்க்க யாரும் இல்லையென்றால் குட்டி வாங்காதீர்கள். பழகிய பெரிய நாய் ஒன்றைக் காப்பகத்திலிருந்து தத்தெடுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் பாத்ரூமிலோ பால்கனியிலோ மூத்திரத்தை உறிஞ்சும் பேட் ஒன்றைப் போட்டு, அதையே நிலையான இடமாக்குங்கள். தடுப்பூசி முடியும் முன் பொதுப் புல்வெளியில் இறக்காதீர்கள், பார்வோ காத்திருக்கிறது.

தாத்தா வீட்டுக்குள் வந்து குனிந்ததும் குட்டி சொட்டுச் சொட்டாகப் போகிறதா? அது பணிவு, பழக்கக் குறை இல்லை. வந்ததும் கண்டுகொள்ளாமல் உட்காருங்கள், அதுவே உங்களிடம் வரட்டும். பெரும்பாலும் வளர வளரப் போய்விடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் நிற்கவில்லை, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, முக்குகிறது, ரத்தம் தெரிகிறது, அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறது, பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் போகிறது, பெட்டைக் குட்டி தூங்கும்போதே நனைந்து கிடக்கிறது என்றால் கிளினிக்குக்கு வாருங்கள். நோய்த்தொற்றாக இருக்கலாம், பிறவியிலேயே சிறுநீர்க் குழாய் இடம் மாறி இருக்கலாம். வரும்போது அன்று காலைச் சிறுநீரைச் சுத்தமான, காய்ந்த புட்டியில் பிடித்து வாருங்கள். கழுவியும் சம்பல் வாசனை போகாத புட்டி வேண்டாம். மொப்பிலிருந்து பிழிந்ததும் வேண்டாம், அதையும் ஒருவர் கொண்டுவந்திருக்கிறார்.