ஷுவாய் ஜியாவ்: விழுவதும் அதே சொல், வீழ்த்துவதும் அதே சொல்

பெய்ஜிங்கில் ஒரு பாட்டி ஈரத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டு வீடு திரும்பினால், "ஷுவாய் ல யி ஜியாவ்" என்பார். "கீழே விழுந்துட்டேன்" என்று அர்த்தம். அதே ஊரில், தடித்த பருத்திச் சட்டை போட்ட இரண்டு பேர் ஒருவரை ஒருவர் மண்ணில் சாய்க்கப் பார்க்கும் விளையாட்டுக்குப் பெயரும் ஷுவாய் ஜியாவ்தான். தமிழில் விழு, வீழ்த்து என்று தன்வினையையும் பிறவினையையும் பிரித்து வைத்திருக்கிறோம். சீனத்தில் 'ஷுவாய்' என்ற ஒரே வினை இரண்டு வேலையையும் செய்கிறது. நம்மிடம் இதற்குக் கொஞ்சம் கிட்டே வருவது 'சாய்' என்ற வேர். மரம் சாய்ந்தது, மரத்தைச் சாய்த்தான்.

இந்தக் கலையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'சீன மல்யுத்தம்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயரிலேயே இருக்கும் 'விழுகை' அதில் காணாமல் போகிறது. இந்தக் கலையின் விதிகள் எல்லாம் அந்த விழுகையைச் சுற்றித்தான் சுழல்கின்றன.

முதலில் எழுத்துக்கூட்டல். 1958இல் சீன அரசு ஏற்ற பின்யின் முறைப்படி ரோமன் எழுத்தில் எழுதினால் 'ஜி' வருகிற இடத்தில், அதற்கு முந்தைய வேட்-ஜைல்ஸ் முறையில் 'சி' வரும். பாவோடிங் நகரத்துக்காரரான சாங் துங்-ஷெங் தைவானுக்குப் போய்ப் போலீஸ் கல்லூரியில் இதைக் கற்பித்தார். அவருடைய மாணவர்கள் வழியாக அமெரிக்கா போன பள்ளிகள் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டன. எனவே ஷுவாய் ஜியாவ், ஷுவாய் சியாவ் என்று இரண்டு விதமாகப் பார்த்தால் இரண்டு கலை என்று எண்ண வேண்டாம். ஜப்பானிய ஜியு-ஜிட்ஸுவில் வரும் 'ஜியு'வுக்கும் இந்த 'ஜியாவ்'வுக்கும் உறவு கிடையாது. அந்த 'ஜியு'வுக்கு மென்மை என்று பொருள்.

எழுதும் விதத்திலும் ஒரு சுவை உண்டு. 'ஷுவாய்' எழுத்தின் இடப்பக்கம் கையைக் குறிக்கும் உறுப்பு. 'ஜியாவ்' எழுத்தின் இடப்பக்கம் காலைக் குறிக்கும் உறுப்பு. வலப்பக்கத்து உறுப்புகள் இரண்டும் ஒலிப்பைக் காட்டுவதற்காக நிற்பவை. கையால் பிடித்து, காலால் இடறி ஆளைச் சாய்க்கும் கலைக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து அமையுமா?

ஆனால் 'ஜியாவ்'வை எல்லாரும் இப்படிக் கால் போட்டு எழுதுவதில்லை. 'கொம்பு' என்று பொருள்படும் வேறொரு எழுத்தைப் போட்டும் எழுதுவார்கள். கதை அங்கேதான் பழசாகிறது. பண்டைச் சீனத்தில் இந்த வகைப் போருக்கு 'ஜியாவ்-தி' என்று பெயர், அதாவது கொம்பால் முட்டுதல். ச்சி-யௌ என்ற பழங்கதை வீரனின் தலையில் கொம்பு இருந்ததாம், அவன் முட்டினால் யாரும் எதிரே நிற்க முடியாதாம். பிற்காலத்தில் ஊர்மக்கள் மாட்டுக்கொம்பைத் தலையில் கட்டிக்கொண்டு முட்டி விளையாடியதை அவன் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். இது புராணம். வரலாற்றுப் பதிவு என்று கேட்டால், கி.மு. 108இல் ஹான் பேரரசர் வூ தலைநகர் சாங்-ஆனில் ஜியாவ்-தி விழா நடத்தினார், 300 லி (பழைய சீனத் தூர அளவு) தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் பார்க்க வந்தார்கள் என்று ஹான் வரலாறு சொல்கிறது. அப்போது அந்தப் பெயருக்குள் வித்தை, கூத்து எல்லாமே அடங்கியிருந்தன. இரண்டு பேரை மோதவிடுவதை நாம் 'கொம்பு சீவிவிடுவது' என்கிறோம். சீனத்திலும் அந்தக் கொம்பு எழுத்துக்குப் 'போட்டியிடு' என்ற பொருள் வந்துவிட்டது.

அப்புறம் பெயர் மாறியது. சொங் வம்சக் காலத்தில் 'சியாங்பு' என்றார்கள். 1062இல் சீமா குவாங் என்ற அறிஞர், விளக்குத் திருவிழாவில் பேரரசர் முன்னால் பெண்கள் அரைகுறை உடையில் சியாங்பு போட்டதைக் கண்டித்து மனு எழுதினார். பெண்களும் இந்தக் களத்தில் இருந்தார்கள் என்பது அவருடைய கோபத்தால்தான் நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! சியாங்பு என்று எழுதும் அதே எழுத்துகளை ஜப்பானியர் 'சுமோ' என்று வாசிக்கிறார்கள்.

மஞ்சு வம்சமான ச்சிங் ஆட்சியில் 'ஷான் பூ யிங்' என்ற அரண்மனை மல்லர் படை இருந்தது. 1669இல் இளம் பேரரசர் காங்ஷி, தன்னை ஆட்டிவைத்த ஓபோய் என்ற அதிகாரியை மல்யுத்தம் பழகிய இளைஞர்களை வைத்தே மடக்கிப் பிடித்தார். முடியாட்சி 1912இல் போனதும் பழைய அரண்மனை மல்லர்கள் சிலர் பெய்ஜிங்கின் தியான்ச்சியாவ் சந்தையில் வேடிக்கை காட்டிப் பிழைத்தார்கள். இன்றைய பெய்ஜிங் பாணி அவர்கள் வழி வந்தது. பாவோடிங், தியான்ஜின் ஊர்களுக்குத் தனித்தனிப் பாணி உண்டு. பாவோடிங்காரர்கள் வேகத்துக்குப் பேர் போனவர்கள்.

சரி, விதிக்கு வருவோம். உள்ளங்கால் தவிர உடம்பின் வேறு எந்தப் பகுதியாவது தரையைத் தொட்டால் புள்ளி போச்சு. கையை ஊன்றினாலும் போச்சு, முழங்கால் பட்டாலும் போச்சு. நம் ஊரில் 'குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்று சமாளிப்போமே, அந்தச் சமாளிப்புக்கு இங்கே இடமே இல்லை. வீசியவர் காலூன்றி நின்றபடி வீசினால் புள்ளி அதிகம், தானும் கூடவே விழுந்தால் குறைவு. விழுந்தவரைத் தரையில் போட்டு அமுக்குவது, கழுத்தை நெரிப்பது, கை முறுக்கிப் பூட்டுவது எல்லாம் போட்டியில் கிடையாது. விழுந்ததும் எழுந்து மறுபடி பிடிக்க வேண்டியதுதான்.

குஸ்தியில் கணக்கு நேர் எதிர். அங்கே குப்புற விழுந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது, முதுகு மண்ணில் பட்டால்தான் தோல்வி. ஒலிம்பிக் மல்யுத்தத்திலும் இரண்டு தோள்பட்டையையும் தரையில் அழுத்தினால் ஆட்டம் முடிந்தது. ஆகவே அங்கெல்லாம் விழுந்த பிறகும் பாதிப் போர் மிச்சம் இருக்கிறது. ஜூடோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஜிகோரோ கானோ 1882இல் தொடங்கிய அந்தக் கலையில், முதுகு தரையில் அறையும்படி சுத்தமாக வீசினால் ஒரே வீச்சில் வெற்றி. அரைகுறையாக வீசினால் தரையில் தொடரலாம். சட்டையும் வேறு. ஜூடோச் சட்டையின் கை நீளம், அதைப் பிடித்தே பாதி வித்தை நடக்கும். சீனர்களின் 'தாலியன்' சட்டை அரைக்கைச் சட்டை, பல அடுக்காகத் தைத்தது, இடுப்பில் கச்சை கட்டி இறுக்கியது. காலைக் கையால் பிடித்து வாருவதை உலக ஜூடோ அமைப்பு 2010இல் தொடங்கிப் படிப்படியாகத் தடுத்தது. சீனத்தில் அது தாராளமாக நடக்கிறது. மங்கோலிய 'பொக்'தான் சீனக் கலைக்கு நெருங்கிய சொந்தம். அதிலும் விழுந்தால் முடிந்தது. ஆனால் சட்டை மார்பு திறந்தது.

தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். மல்யுத்தத்தில் 'மல்' என்பது வலிமை, 'யுத்தம்' வடசொல். அதையே மற்போர் என்றும் சொல்லலாம். குஸ்தியும் பயில்வானும் பாரசீகம் வழி வந்தவை. புறநானூற்றின் 80ஆம் பாட்டில், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வெல்கிறான். எப்படி? ஒரு கால் மல்லன் மார்பில் ஊன்றியிருக்க, இன்னொரு கால் முதுகுப்பக்கம் வளைத்து அவன் உத்தியைத் தடுக்கிறது. சாய்த்ததோடு விடவில்லை, அமுக்குகிறான். அதாவது நம் மற்போர் பிடித்து அடக்கும் போர். அதே சொல்லைச் சீனக் கலைக்கு அப்படியே போட்டால் படிக்கிறவர் மனதில் தவறான காட்சி எழும்.

அதனால் நான் 'வீழ்த்து மற்போர்' என்று எழுதுகிறேன். முதல் முறை வரும்போது 'ஷுவாய் ஜியாவ் எனும் சீன வீழ்த்து மற்போர்' என்று முழுதாகச் சொல்லிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். இடறி விழவைக்கும் நுட்பங்களுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், 'கால் வாருதல்' இருக்கிறது. அரசியல் செய்திகளில் அது துரோகம், இங்கே அது திறமை. பிடிக்கு 'பிடி', கைமுறுக்குக்கு 'பூட்டு'. இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் வேண்டுமென்றால் 'பிடிச்சண்டை' என்பது யாருக்கும் புரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இன்றைய சீனத்தில் ஷுவாய் ஜியாவ் என்பது எல்லா மல்யுத்தத்துக்கும் பொதுப்பெயரும் ஆகிவிட்டது. ஒலிம்பிக் வகைகளையும் அப்படித்தான் சொல்கிறார்கள். உள்ளூர்க் கலையைக் குறிக்க வேண்டுமானால் முன்னால் 'சீன பாணி' என்று சேர்ப்பார்கள். 2017இல் 'தங்கல்' படம் சீனாவில் சக்கைப்போடு போட்டபோது அங்கே அதற்கு வைத்த தலைப்பு 'ஷுவாய் ஜியாவ் பா, பாபா'. அதைத் தமிழில் சொல்லும்போது 'வீழ்த்து மற்போர்' என்று போட்டால் தப்பு. 'மல்யுத்தம் போடலாம், அப்பா' என்றுதான் எழுத வேண்டும்.